மோட்டாரின் காவலாளி எங்கே நிற்க வேண்டும்?

கரிசல் மண்ணில் மழை குறைவு. அதனாலேயே விருதுநகர் வட்டாரம் ஏரை மட்டும் நம்பாமல் இயந்திரத்தையும் நம்பி வாழக் கற்றுக்கொண்டது. விருதுநகரில் பருப்பு ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் ஓடுகின்றன. இராசபாளையத்தில் நூற்பாலைகள். சிவகாசியின் கதையோ எல்லோருக்கும் தெரிந்ததே. 1922-ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சுத் தொழில் வளர்ந்தது, பட்டாசும் சேர்ந்துகொண்டது, ஊருக்குக் 'குட்டி ஜப்பான்' என்று பெயரும் வந்தது.

பட்டாசு மருந்தைக் கலப்பதும் அடைப்பதும் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் கைகளால் நடக்கும் வேலை. ஆனால் அதைச் சுற்றி நடக்கும் மற்ற வேலைகளில், அதாவது காகிதம் வெட்டுவதில், லேபிள் அச்சிடுவதில், கிணற்று நீர் இறைப்பதில், மோட்டார் இல்லாத இடம் அரிது. மோட்டார் இருந்தால் அதன் பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நிற்கும். பெட்டியின் கதவைத் திறந்தால் உள்பக்கத்தில் ஒரு மின்சுற்றுப் படம் ஒட்டியிருக்கும்.

அந்தப் படங்களில் பலவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். மோட்டார் எரிந்துபோகாமல் காக்கும் ஓவர்லோடு ரிலேயின் தொடுமுனை சில படங்களில் சுற்றின் தொடக்கத்திலேயே, பியூசுக்கு அடுத்ததாக வரையப்பட்டிருக்கும். வேறு சில படங்களில், குறிப்பாகப் பழைய அமெரிக்க முறைப் படங்களில், அது சுற்றின் கடைசியில் இருக்கும். பள்ளியில் இயற்பியல் படித்த மாணவர் உடனே கேட்பார்: "தொடரிணைப்பில் எந்த உறுப்பை எங்கே வைத்தால் என்ன? எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டந்தானே பாய்கிறது?"

நல்ல கேள்வி. இதற்கு விடை காணுமுன், ஓவர்லோடு ரிலே என்ன செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

மோட்டார் ஏன் எரிகிறது?

கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் வெப்பம் உண்டாகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மோட்டாரின் சுருள்களில் உள்ள செம்புக் கம்பி இந்த வெப்பத்தை எளிதில் தாங்கிக்கொள்ளும். தாங்காதது, கம்பியின் மேல் பூசியிருக்கும் மெல்லிய காப்புப் பூச்சுதான். இன்று வழக்கத்திலுள்ள காப்புகளில் 'பி' வகை 130 டிகிரி செல்சியஸ் வரையிலும், 'எஃப்' வகை 155 டிகிரி வரையிலும் தாங்கும். அந்த வரம்பைத் தாண்டினால் உடனே கருகிவிடுவதில்லை, ஆயுள் தேய்கிறது. மாண்ட்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1930-இல் கண்டு சொன்ன தோராய விதி ஒன்று இன்றும் பயன்படுகிறது: வெப்பநிலை சுமார் 10 டிகிரி உயர்ந்தால் காப்பின் ஆயுள் பாதியாகும்.

மோட்டார் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை ஏன் இழுக்கிறது? பருப்பு ஆலையில் இயந்திரத்துக்குள் கல் சிக்கிக்கொள்ளலாம். பேரிங் இறுகிவிடலாம். இவற்றை விடவும் அடிக்கடி நேர்வது, மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் அறுந்துபோவது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அப்போதும் நிற்பதில்லை. எஞ்சியுள்ள இரண்டு பேஸ்களில் அதே சுமையை இழுக்கப் பார்க்கிறது. அந்த இரண்டிலும் மின்னோட்டம் ஏறக்குறைய 1.73 மடங்காகிறது. 1.73-ஐ 1.73-ஆல் பெருக்கிப் பாருங்கள்: அந்தச் சுருள்களில் வெப்பம் மூன்று மடங்கு! உறுமல் சத்தம் கேட்டு யாராவது ஓடி வருவதற்குள் வார்னிஷ் கருகும் நாற்றம் வந்துவிடும்.

"அதற்குத்தான் பியூஸ் இருக்கிறதே" என்று நினைக்கலாம். பியூசால் இங்கே பயனில்லை. மோட்டார் புறப்படும் சில விநாடிகளுக்கு முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் ஆறு ஏழு மடங்கு இழுக்கும். அதற்கு உருகாத அளவுக்குப் பியூஸ் தடிமனாக இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பியூஸ், குறுக்குச்சுற்று ஏற்பட்டால் உருகும். ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தைக் கண்டு அசையாது. 10 குதிரைத்திறன் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் 415 வோல்ட்டில் சுமார் 14 ஆம்பியர். அது 21 ஆம்பியரை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெந்துகொண்டிருக்கும்போது, பியூஸ் கட்டை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டு இடங்களில் இருக்கும் ஒரே கருவி

இந்தக் குறையை நீக்குவதே ஓவர்லோடு ரிலே. அதன் உள்ளே, வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டைகள் மூன்று இருக்கின்றன. ஒவ்வொரு பேஸுக்கும் ஒன்று. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டமே இவற்றைச் சூடாக்குகிறது. மோட்டார் சூடாகும்போது பட்டையும் சூடாகி வளைகிறது. வளைவு ஓர் அளவைத் தாண்டியதும் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளுகிறது.

மோட்டார் புறப்படும்போது ஏற்படும் குறுகிய நேர மின்னோட்டத்தை இது பொறுத்துக்கொள்ளும். நீடிக்கும் மிகைச்சுமையைப் பொறுக்காது. '10-ஆம் வகுப்பு' என்று குறிக்கப்பட்ட ரிலே, தான் நிலைநிறுத்தப்பட்ட மின்னோட்டத்தைப் போல் 7.2 மடங்கு பாய்ந்தால் 4 முதல் 10 விநாடிக்குள் இயங்க வேண்டும். சூடேறியிருக்கும் நிலையில் 1.5 மடங்கு பாய்ந்தால் 4 நிமிடத்துக்குள் இயங்க வேண்டும். 1.2 மடங்கானால் 2 மணி நேரத்துக்குள் இயங்கினால் போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெம்புகோல் மோட்டாரின் மின்சாரத்தை நேரே துண்டிப்பதில்லை. அது ஒரு சிறிய தொடுமுனையைத் திறக்கிறது, அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன்கள் 'கான்டாக்ட்' என்று சொல்லும் இந்தத் தொடுமுனையின் இரு திருகுகளில் 95, 96 என்ற எண்கள் பொறித்திருக்கும். மோட்டாருக்கு மின்சாரம் தருவதும் நிறுத்துவதும் கான்டாக்டர் என்ற மின்காந்தச் சுவிட்சின் வேலை. கான்டாக்டரின் காயிலில் மின்னோட்டம் இருக்கும்வரை அது மூடியிருக்கும். காயிலுக்கு மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும். 95–96 திறந்தால் காயில் உயிரிழக்கிறது. காயில் உயிரிழந்தால் மோட்டார் நிற்கிறது.

ஆகவே ஓவர்லோடு ரிலே படத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. வெப்பத்தை உணரும் பட்டைகள் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பிகளில். கட்டளையிடும் தொடுமுனை காயிலுக்குச் செல்லும் மெல்லிய கம்பிகளில். உணர்வது ஓரிடம், கட்டளையிடுவது வேறோர் இடம். கட்டளை உரிய இடத்துக்குப் போய்ச் சேருமா என்பதே நம் கேள்வி.

ஒரு தாளும் பென்சிலும்

வாசகர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு இந்தச் சுற்றை வரைந்து பார்ப்பது நல்லது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அது பேஸ். வலது ஓரத்தில் இன்னொரு கோடு, அது நியூட்ரல். இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஒரு கோடு வரைந்து, அதில் இடமிருந்து வலமாக உறுப்புகளைக் குறியுங்கள்:

பேஸ் — பியூஸ் — சிவப்புப் பொத்தான் — பச்சைப் பொத்தான் — காயில் — நியூட்ரல்.

சிவப்புப் பொத்தான் சாதாரணமாக மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும். பச்சைப் பொத்தான் திறந்திருக்கும், அழுத்தினால் மூடும். பச்சையை அழுத்தியதும் காயில் இயங்கிக் கான்டாக்டர் மூடுகிறது. விரலை எடுத்தால் நின்றுவிடும் அல்லவா? அப்படி நிற்காமலிருக்க, கான்டாக்டரின் துணைத் தொடுமுனை ஒன்றைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாக இணைக்கிறார்கள். கான்டாக்டர் மூடியதும் இதுவும் மூடி, விரல் செய்த வேலையைத் தான் ஏற்றுக்கொள்கிறது. 'பிடிப்புத் தொடுமுனை' என்று இதைக் கூறலாம். படத்தில் இது பச்சைப் பொத்தானைச் சுற்றிச் செல்லும் ஒரு சிறு கிளை.

இப்போது ஓவர்லோடு தொடுமுனையை எங்கே வைப்பது?

முதல் தேர்வு: அடிமரமா, கிளையா?

அதைப் பிடிப்புத் தொடுமுனையின் கிளையில் வைத்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும்போது மின்னோட்டம் அந்தக் கிளை வழியாகத்தானே வருகிறது. ஓவர்லோடு திறந்தால் மோட்டார் நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் இயந்திரம் இறுகிக்கொண்டு மோட்டார் சுழல மறுக்கும்போது வேலையாள் என்ன செய்வார்? பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார். அப்போது மின்னோட்டம் பொத்தான் வழியாகவே காயிலுக்குப் போகும். கிளையில் உள்ள ஓவர்லோடு திறந்தாலும் பயனில்லை. மோட்டாருக்கு மிக ஆபத்தான அந்த விநாடிகளில் காவல் இல்லாமற் போகிறது.

ஆகவே முதல் விதி: ஓவர்லோடு தொடுமுனை அடிமரத்தில் இருக்க வேண்டும். காயிலுக்கு எந்த வழியாக மின்னோட்டம் வந்தாலும் அதைக் கடந்துதான் வர வேண்டும். இந்த விதிப்படி பார்த்தால் அடிமரத்தில் எங்கே வைத்தாலும் சரியே. பியூசுக்கு அடுத்தும் வைக்கலாம்; காயிலைத் தாண்டி, நியூட்ரலுக்கு முன்னும் வைக்கலாம். இங்கேதான் மாணவரின் கேள்வி எழுகிறது.

இரண்டாம் தேர்வு: காயிலுக்கு முன்னா, பின்னா?

தொடரிணைப்பில் வரிசை முக்கியமில்லை என்ற பாடம் பொய்யன்று. ஆனால் அதற்குச் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உண்டு. மின்னோட்டம் கம்பியை விட்டு வேறெங்கும் போகக்கூடாது. தாளில் வரைந்த சுற்றில் அது போகாது. ஆலையில் உள்ள சுற்றில்?

நமது மின்சார வழங்கலில் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் முனை பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக்காக மோட்டாரின் உடலும் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டியும் எர்த் கம்பியால் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. எனவே அந்த இரும்புப் பெட்டி, கம்பி செல்லும் இரும்புக் குழாய், இயந்திரத்தின் உடல் எல்லாமே மின்சாரத்துக்கு ஒரு வழிதான். இது படத்தில் வரையப்படாத மூன்றாவது கம்பி. சுற்றின் கம்பிகள் அனைத்தும் நாள் முழுவதும் இதன் பக்கத்திலேயே கிடக்கின்றன. துளையின் கூர்விளிம்பில் உரசிக் காப்பு தேய்கிறது, எலி கடிக்கிறது, ஈரம் புகுகிறது. ஒரு நாள் ஏதோ ஓர் இடத்தில் செம்பு இரும்பைத் தொடுகிறது.

தாளில் ஓவர்லோடு தொடுமுனையைக் கடைசியில் வையுங்கள்:

பேஸ் — பியூஸ் — சிவப்பு — பச்சை — காயில் — ஓவர்லோடு — நியூட்ரல்.

காயிலுக்கும் ஓவர்லோடுக்கும் இடையில் உள்ள கம்பி பெட்டியைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். என்ன நடக்கும்? எதுவும் நடக்காது! ஓவர்லோடு மூடியிருக்கும்போது அந்தக் கம்பி நியூட்ரலோடு இணைந்தது. நியூட்ரலும் பூமியும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் உள்ளவை. தீப்பொறி இல்லை, பியூஸ் போகாது, மோட்டார் வழக்கம்போல ஓடும். பழுது இருப்பதே யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழியும்.

பிறகு ஒரு நாள் ஒரு பேஸ் அறுந்து, மோட்டார் உறுமுகிறது. ஓவர்லோடு ரிலே தன் கடமையைச் சரியாகச் செய்கிறது: பட்டை வளைகிறது, தொடுமுனை திறக்கிறது. ஆனால் காயிலிலிருந்து வரும் மின்னோட்டம் இப்போது நியூட்ரலைத் தேடிப் போகவில்லை. பெட்டியின் இரும்பு வழியாகப் பூமிக்கு இறங்கி டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. காயில் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. காவலாளி கதவைச் சாத்திவிட்டான். ஆனால் பக்கத்துச் சுவரில் ஓட்டை. மோட்டார் எரிகிறது.

இனி ஓவர்லோடு தொடுமுனையைக் காயிலுக்கு முன்பக்கம் மாற்றுங்கள்:

பேஸ் — பியூஸ் — ஓவர்லோடு — சிவப்பு — பச்சை — காயில் — நியூட்ரல்.

இப்போது எந்த இடத்தில் கம்பி பெட்டியைத் தொட்டாலும் பாருங்கள். காயிலுக்கு முன்னால் தொட்டால், பேஸ் நேரே பூமிக்கு இறங்குகிறது. எர்த் இணைப்பு நன்றாக இருந்தால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து, கட்டுப்பாட்டுச் சுற்றின் சிறு பியூஸ் உடனே உருகும், மோட்டார் நிற்கும். காயிலுக்குப் பின்னால் தொட்டால் எதுவும் நேராது. ஆனால் அங்கே ஏமாற்றப்படுவதற்குத் தொடுமுனை எதுவும் இல்லை. ஓவர்லோடும் சிவப்புப் பொத்தானும் தத்தம் அதிகாரத்தை இழப்பதில்லை.

இதுதான் நம் மாணவருக்கான விடை. காப்பு முழுமையாக இருக்கும்வரை இரண்டு படங்களும் ஒன்றே. காப்பு கெட்டபின் ஒரு படத்தில் மோட்டார் நிற்கிறது, மற்றதில் எரிகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது எப்படி இயங்கும் என்பதை மட்டும் பார்த்துச் சுற்றை வரைந்தால் போதாது. எது கெட்டால் என்ன நேரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பழைய படங்கள் தவறா?

ஓவர்லோடைக் கடைசியில் வரைந்த அமெரிக்கப் பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அவர்களுடைய ஸ்டார்ட்டர்களில் காயிலையும் ஓவர்லோடையும் இணைக்கும் கம்பி, தொழிற்சாலையிலேயே பெட்டிக்குள் பொருத்தி அனுப்பப்பட்டது. ஒரு சாண் நீளங்கூட இராது. பெட்டியை விட்டு வெளியே வராது. வாங்குபவர் பொத்தான்களுக்கான கம்பிகளை மட்டும் இணைத்தால் போதும். எட்ட இருக்கும் பொத்தான்களுக்குப் போகும் கம்பிதான் பழுதாகும். பெட்டிக்குள் இருக்கும் சிறு துண்டு பழுதாவது அரிது என்பது அவர்கள் கணக்கு.

இன்றைய தரங்களும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60204-1, அமெரிக்கத் தரம் என்.எஃப்.பி.ஏ. 79. பூமியோடு இணைந்த கட்டுப்பாட்டுச் சுற்றில் காயிலின் ஒரு முனையை எர்த் செய்யப்பட்ட பக்கத்தோடு நேரடியாக இணைக்க வேண்டும், தொடுமுனைகள் எல்லாம் மறுபக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே இரண்டின் பொது விதி. ஓவர்லோடு தொடுமுனைக்கு மட்டும், அதன் கம்பிகள் அதே பெட்டிக்குள் அடங்கியிருந்தால், விலக்கு உண்டு.

விலக்கின் நிபந்தனை மறக்கப்படும்போதுதான் ஆபத்து பிறக்கிறது. சிவகாசி அச்சகங்களில் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த ஆஃப்செட் இயந்திரங்கள் ஓடுகின்றன. பக்கத்து ஆலையில் உள்ளூரில் கட்டிய பேனல் போர்டு இருக்கும். ஒரே எலக்ட்ரீஷியன் பல முறைப் படங்களையும் பார்த்து வேலை செய்ய வேண்டியவர். பழைய படத்தைப் பார்த்து, ரிலேயை ஒரு பெட்டியிலும் காயிலை இன்னொரு பெட்டியிலும் வைத்து, நடுவே பத்து மீட்டர் கம்பியை இழுத்தால், படம் அப்படியே இருக்கும். அதன் பாதுகாப்பு போய்விடும்.

415 வோல்ட் காயில்

நம் ஊர்க் கிணற்று மோட்டார்களிலும் சிறு ஆலைகளிலும் வேறொரு நிலைமையும் உண்டு. அங்குள்ள ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காயில் 415 வோல்ட்டுக்கு உரியது. அது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இல்லை. இரண்டு பேஸ்களுக்கு நடுவில் இருக்கிறது. நியூட்ரல் கம்பியே வேண்டாம் என்பது இதன் வசதி. இங்கே 'எர்த் பக்கம்' என்று ஒன்று இல்லை. காயிலின் இரு முனைகளும் உயிருள்ளவை.

இச்சுற்றில் காயிலின் ஒரு பக்கத்துக் கம்பி பெட்டியைத் தொட்டால், அந்தப் பக்கத்துப் பியூஸ் உருகும். ஆனால் மறுபக்கத்துப் பேஸ் இன்னும் இருக்கிறது. அதற்கும் பூமிக்கும் இடையே சுமார் 240 வோல்ட். காயில் இப்போது 415-க்குப் பதிலாக 240 வோல்ட்டில், அதாவது தன் அளவில் 58 விழுக்காட்டில் நிற்கிறது. இந்த மின்னழுத்தத்தில் திறந்திருக்கும் கான்டாக்டர் மூடிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. 85 விழுக்காடு இருந்தால்தான் அது உறுதியாக மூடும். ஆனால் ஏற்கெனவே மூடிய கான்டாக்டரின் கதை வேறு. தரங்களின்படி மாறுதிசைக் கான்டாக்டர் 75 விழுக்காட்டுக்கும் 20 விழுக்காட்டுக்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் விடுபடலாம். 58 அதற்கு நடுவில் இருக்கிறது. ஆகவே அது சிறிது கரகரத்துக்கொண்டு அப்படியே பிடித்திருக்கக்கூடும். பழுதான பக்கத்தில் எந்தத் தொடுமுனை இருந்தாலும், அது ஓவர்லோடாயினும் சிவப்புப் பொத்தானாயினும், அதன் கட்டளை செல்லாது.

காயிலின் எந்தப் பக்கத்தில் பழுது வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே இச்சுற்றில் ஓவர்லோடை இடம் மாற்றுவதால் மட்டும் முழுப் பாதுகாப்புக் கிடைக்காது. பெரிய பேனல்களில் இதற்காகவே ஒரு சிறு கட்டுப்பாட்டு டிரான்ஸ்பார்மரை வைக்கிறார்கள். அது 415 வோல்ட்டை 110 அல்லது 240 வோல்ட்டாக்கித் தரும். அதன் ஒரு முனையை எர்த் செய்து, காயிலை அந்தப் பக்கத்தில் இணைத்துவிட்டால், நாம் முன்பு கண்ட பாதுகாப்பான படம் கிடைத்துவிடுகிறது. எர்த் செய்யாமல் விட்டுவிட்டால், முதல் பழுது மறைந்து கிடக்கும். இரண்டாவது பழுது வரும்போது தொடுமுனைகள் ஏமாற்றப்படும்.

தானாக மீளும் ரிலே

பல ஓவர்லோடு ரிலேகளில் 'கை', 'தானியங்கி' என்று இரு நிலைகள் உண்டு. தானியங்கி நிலையில், பட்டை குளிர்ந்ததும் தொடுமுனை தானே மூடிக்கொள்ளும். பொத்தான் முறையில் இதனால் உடனடி ஆபத்து இல்லை. கான்டாக்டர் திறந்ததும் பிடிப்புத் தொடுமுனையும் திறந்துவிடுவதால், யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் மறுபடி ஓடும்.

ஆனால் மேல்நிலைத் தொட்டியின் மிதவைச் சுவிட்சால் இயங்கும் மோட்டாரில் பச்சைப் பொத்தானும் இல்லை. பிடிப்புத் தொடுமுனையும் இல்லை. தொட்டி காலியாக இருக்கும்வரை மிதவை மூடியே இருக்கும். ஓவர்லோடு திறக்கும், குளிரும், மூடும், பழுதான மோட்டார் மறுபடி புறப்படப் பார்க்கும். இரவு முழுவதும் இது தொடர்ந்தால் காலையில் மோட்டாரைக் காயில் கட்டும் கடைக்குத்தான் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும். பழுது பார்ப்பவர் கைவைத்திருக்கும் நேரத்தில் இயந்திரம் திடீரென்று ஓடத் தொடங்குவது அதனினும் கொடிது. ஆகவே இத்தகைய சுற்றுகளில் ரிலேயைக் 'கை' நிலையில் வைப்பதே அறிவுடைமை.

கந்தக பூமியில் ஒரு சூடான மோட்டார்

மோட்டார் எரிந்தால் பணம் போகும், வேலை நிற்கும். எங்கும் நேரும் இழப்பு இது. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுக் காகிதமும் குவிந்திருக்கும் ஊரில் இழப்பு அத்துடன் நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. காகிதத் தூசி படிந்த மோட்டார் உடல், கருகும் வார்னிஷ், சுருள் வெடித்துத் தெறிக்கும் ஒரு பொறி. நெருப்புக்கு இவை போதும்.

எரியும் ஆவி சூழ்ந்த இடங்களுக்கென்றே 'கூடுதல் பாதுகாப்பு' வகை மோட்டார்கள் செய்யப்படுகின்றன. அவற்றின் பெயர்ப்பலகையில் ஒரு நேரம் பொறித்திருப்பார்கள். ஓடிச் சூடேறிய மோட்டாரின் சுழலி திடீரென இறுகி நின்றுவிட்டால், எத்தனை விநாடியில் அது வரம்பு வெப்பநிலையை எட்டும் என்பதே அந்த நேரம். இது 5 விநாடிக்குக் குறையக்கூடாது. அந்த நேரத்துக்குள் ஓவர்லோடு ரிலே மோட்டாரை நிறுத்தியாக வேண்டும். இப்படி விநாடிக் கணக்குப் பார்த்துச் செய்த மோட்டாரின் பாதுகாப்பு முழுவதும், 95–96 என்ற இரு திருகுகளின் வழியாகவே காயிலைச் சென்றடைகிறது.

இந்த இரு திருகுகளுக்குக் குறுக்கே ஒரு துண்டுக் கம்பியை மாட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. "அடிக்கடி ட்ரிப் ஆகிறது, ஆர்டர் அவசரம்" என்பார்கள். சிவகாசியில் தீபாவளிக்கு முந்திய மாதங்களில் அவசரம் இல்லாத நாள் ஏது? ரிலே அடிக்கடி இயங்குகிறது என்றால் மோட்டார் ஏதோ முறையிடுகிறது என்று பொருள். பேரிங் இறுகியிருக்கலாம், ஒரு பேஸ் பலவீனமாக இருக்கலாம், ரிலேயின் அளவு தவறாக வைக்கப்பட்டிருக்கலாம். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரில் மோட்டார் சுருளோடு தொடராக ரிலே இணைந்திருந்தால் அதை மொத்த மின்னோட்டத்தில் 58 விழுக்காட்டுக்கு வைக்க வேண்டும். 14 ஆம்பியர் மோட்டாருக்குச் சுமார் 8 ஆம்பியர். இதை அறியாமல் 14-இல் வைத்தால் ரிலே இருந்தும் இல்லாததுபோலத்தான்.

ஓர் எளிய சோதனை

நம் ஆலையில் காவலாளி விழித்திருக்கிறானா என்று அறிய ஒரு வழி உண்டு. பெரும்பாலான ஓவர்லோடு ரிலேகளின் முகப்பில் 'டெஸ்ட்' என்று குறித்த சிறு நாக்கு ஒன்று இருக்கும். அதை நகர்த்தினால் ரிலே சூடாகாமலே தொடுமுனை திறக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் இதை நகர்த்திப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் உயிருள்ள முனைகள் இருப்பதால் மற்றவர்கள் இதைச் செய்யக்கூடாது. மோட்டார் உடனே நின்றால், ரிலேயிலிருந்து காயில்வரை கட்டளை ஒழுங்காகப் போகிறது. நிற்கவில்லையென்றால், எவரோ மாட்டிய துண்டுக் கம்பியோ, மறைந்து கிடக்கும் எர்த் பழுதோ, ஒட்டிக்கொண்ட கான்டாக்டரோ உள்ளே இருக்கிறது. காரணத்தைக் கண்டு நீக்கும்வரை அந்த மோட்டாரை ஓட்டக்கூடாது.

ஈருலோகப் பட்டை சரியான வெப்பத்தில் வளைகிறதா என்பதை இச்சோதனை சொல்லாது. அதற்கு மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்க்கும் தனிச் சோதனை வேண்டும். ஆனால் மாதங்களாக யாருக்கும் தெரியாமல் கிடக்கும் பழுதை ஒரு விநாடியில் வெளியே கொண்டுவர இதைவிட மலிவான வழி இல்லை.

மின்சுற்றுப் படம் வரையும் மாணவர்கள் இனி ஒவ்வொரு படத்தையும் முடித்த பிறகு, அதன் அடியில் பூமியைக் குறிக்கும் ஒரு கோட்டையும் இழுத்துப் பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு கம்பியாக எடுத்துக்கொண்டு, 'இது இந்தக் கோட்டைத் தொட்டால் மோட்டார் நிற்குமா, நிற்காதா?' என்று கேட்டுப் பார்க்கட்டும். எல்லாக் கம்பிகளுக்கும் விடை 'நிற்கும்' என்று வர வேண்டியதில்லை; 'நிறுத்த நினைத்தால் நிறுத்த முடியும்' என்றாவது வர வேண்டும். அப்படி வராத கம்பி ஒன்று இருந்தாலும், அந்தப் படத்தைத் திருத்தி வரைந்த பிறகே பேனல் போர்டின் கதவில் ஒட்ட வேண்டும்.